விற்றுக் கொடுப்பவரும் சொந்தம் கொண்டாடுபவரும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம்மவர் பழமொழி. உழுபவனுக்கு மட்டுமன்று, பாடுபவனுக்கும் இது பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நான் அறிந்துகொண்டேன். அவ்வாறு அறிந்ததை என்னுடன் பயிலும் நண்பர்களோடும், பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கள் சித்தப்பா ஒரு நாட்டுப்புறப் பாடல் குழுவை நடத்தி வருகிறார். பம்பை, உடுக்கை, ஆர்மோனியம் என்று ஏழு பேர் கொண்ட சிறு குழு. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் பாடுவார்கள். பாடல்கள் சித்தப்பா தாமே கட்டியவை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பக்கத்து நகரத்தில் எட்டுப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். அவற்றுள் ஒன்று கைப்பேசி வழியே ஊர் ஊராகப் பரவியது. சில மாதங்களில் ஒரு பெரிய இசை நிறுவனத்திடமிருந்து விநியோக ஒப்பந்தம் ஒன்று வந்தது. பதினொரு பக்கம், அத்தனையும் ஆங்கிலம்.

சித்தப்பா அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீதானப்பா நம்ம வீட்டுல காலேஜ் படிக்கிறவன். இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லு. நீ சரின்னு சொன்னா கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் தாள்களை இரண்டு முறை படித்தேன், பாதிக்குமேல் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு நாள் டைம் குடுங்க சித்தப்பா" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு நாட்கள் இரண்டு மாதங்களாயின. தனித்து நின்று பாடும் கலைஞர்களுக்குப் பெரிய நிறுவனத்தின் விநியோக ஒப்பந்தம் நன்மையா, தீமையா? இந்த வினாவோடு நூலகத்திலும் கணிப்பொறி அறையிலும் தேடியபோதுதான், கடல் கடந்த நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வரலாறு என் கண்ணில் பட்டது.

விநியோகம் என்றால் என்ன?

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு பாடலைப் பதிவு செய்தால் கிடைக்கும் முதல் பிரதியை 'மாஸ்டர்' என்பார்கள். தமிழில் மூலப்பதிவு எனலாம். நிலத்துக்குப் பட்டா எப்படியோ, பாட்டுக்கு மூலப்பதிவின் உரிமை அப்படி. அதிலிருந்து எடுக்கும் பிரதிகளைக் கடைகளுக்கும் வானொலிக்கும், இன்றைய நாளில் இணையத்துக்கும் கொண்டு சேர்ப்பதே விநியோகம். விளைச்சலை மண்டிக்குக் கொண்டுபோய் விற்றுக் கொடுப்பதைப் போன்றது இது. விற்றுக் கொடுப்பவருக்குக் கமிஷன் உண்டு. நிலம் அவருடையது ஆகாது. முறைப்படி அப்படித்தான் இருக்க வேண்டும்.

இசைத்தட்டுக் காலத்தில் விநியோகம் எளிய காரியமன்று. தட்டு அச்சிடும் ஆலைக்கு முன்பணம் கட்ட வேண்டும். கடைக்காரரோ தட்டை வாங்கி இரண்டு மூன்று மாதம் கழித்தே பணம் தருவார். விற்காததைத் திருப்பியும் அனுப்பி விடுவார். ஆகவே சிறிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட பாட்டு திடீரென்று புகழ் பெற்றால், மேலும் மேலும் தட்டு அச்சிடப் பணமில்லாமல் அந்த வெற்றியாலேயே அது நொடித்துப் போவதும் உண்டு. நாடெங்கும் கடைகளோடு தொடர்பும், காத்திருக்கும் அளவுக்குக் கையில் பணமும் உள்ள பெரிய நிறுவனத்தைச் சிறியவர்கள் நாடியது இதனால்தான். அதைப் பேராசை என்று சொல்வதற்கில்லை.

மெம்பிஸ் நகரத்துக் கதை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஜிம் ஸ்டூவர்ட் என்பவர் வங்கி ஊழியராக இருந்தார். பிடில் வாசிப்பதிலும் ஈடுபாடு உடையவர். 1957-இல் 'சாட்டிலைட்' என்ற பெயரில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய அக்காள் எஸ்டெல் ஆக்ஸ்டன் தம் வீட்டை அடமானம் வைத்து 2,500 டாலர் திரட்டினார். அந்தப் பணத்தில் 'ஆம்பெக்ஸ்' ஒலிப்பதிவுக் கருவி வாங்கப்பட்டது. 1960-இல், ஓடாமல் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். தின்பண்டம் விற்ற முன்பகுதி இசைத்தட்டுக் கடையாயிற்று. 1961-இல் ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் என்னும் இரு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டாக்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

கருப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கவும் ஒரே கடையில் உண்ணவும் முடியாதிருந்த ஊர் அது. ஆயினும் அந்தக் கொட்டகைக்குள் இரு இனத்தவரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். அங்கே பிறந்த 'சோல்' இசை பின்னர் உலகெங்கும் பரவியது.

1960-இல் ரூஃபஸ் தாமஸும் அவர் மகள் கார்லா தாமஸும் பாடிய ஒரு தட்டு மெம்பிஸ் வட்டாரத்தில் நன்றாக விற்றது. நியூயார்க் நகரத்தில் இருந்த 'அட்லாண்டிக்' நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் காதுக்கு இச்செய்தி எட்டியது. ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடு முழுவதும் தாம் விநியோகிப்பதாக அவர் முன்வந்தார். எழுத்தில் ஒன்றுமில்லை, கைகுலுக்கி வாய்மொழியாகவே உடன்பாடு முடிந்தது.

இதனால் ஸ்டாக்ஸுக்கு நன்மை விளைந்ததா? பெரும் நன்மை விளைந்தது என்பதில் ஐயமில்லை. 1962-இல் புக்கர் டி. குழுவினரின் 'கிரீன் ஆனியன்ஸ்' நாடெங்கும் ஒலித்தது. ஓட்டிஸ் ரெட்டிங் என்ற இளைஞர் ஒரு குழுவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர். மீதமிருந்த நேரத்தில் பாடிப் பார்த்தவர், உலகறிந்த பாடகரானார். சாம், டேவ் என்ற இருவரையும் அட்லாண்டிக்கே ஸ்டாக்ஸுக்கு அனுப்பி வைத்தது. விநியோகம் இல்லாதிருந்தால் இவர்களுள் பலர் மெம்பிஸோடு நின்றிருப்பார்கள்.

படிக்காமல் போட்ட கையெழுத்து

1965-இல், அட்லாண்டிக் நிறுவனம் கைமாறக்கூடும் என்ற எண்ணம் எழுந்தபோது, ஸ்டூவர்ட் எழுத்து மூலமான ஒப்பந்தம் கேட்டார். வெக்ஸ்லர் தம் பங்குகளை விற்றுவிட்டால் தாமும் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்று ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார். அறிவுடைய செயலே. வெக்ஸ்லரிடம் கொண்ட நம்பிக்கையால், மீதியை அவர் சரிவரப் படிக்காமலேயே கையெழுத்திட்டார்.

1967-இல் அட்லாண்டிக்கை வார்னர் பிரதர்ஸ்-செவன் ஆர்ட்ஸ் விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்தில் மாண்டார், வயது 26. ஸ்டாக்ஸ் தனியே பிரிந்துபோக முடிவு செய்து ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகளின் மூலப்பதிவுகள் அனைத்தும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது! விற்றுக் கொடுக்க வந்தவர், சட்டப்படி சொந்தக்காரராகி விட்டார். அப்படி ஒரு வரி இருந்தது தமக்கே தெரியாது, வழக்கறிஞர்கள் எழுதியது என்று வெக்ஸ்லர் பின்னாளில் கூறினார். இருக்கலாம். ஆனால் பதிவுகள் திரும்பி வரவில்லை.

ஓட்டிஸ் ரெட்டிங் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பாடிய 'டாக் ஆப் தி பே' 1968 மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தது. பாடியவர் மண்ணுக்குள்; பதிவு செய்தவர் கையில் உரிமை இல்லை. சாம், டேவ் இருவரும் அட்லாண்டிக்குக்கே திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று. எட்டாண்டு உழைப்பில் ஸ்டாக்ஸிடம் எஞ்சியது அதன் பெயரும் அந்தக் கொட்டகையும்தான். அந்தக் காலத்துப் பதிவுகள் இன்றும் வார்னர் குழுமத்திடமே உள்ளன.

இரண்டாவது ஒப்பந்தம்

ஸ்டாக்ஸ் அத்துடன் மடிந்துவிடவில்லை. 1968 மே மாதம் அது கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற பெரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நிர்வாகத்தில் இருந்த அல் பெல் என்ற கருப்பின இளைஞர் ஊக்கத்தோடு செயலாற்றினார். இழந்த சரக்கை ஈடுகட்ட 1969-இல் ஒரே வீச்சில் 27 இசைத்தொகுப்புகளை வெளியிட்டார்! அவற்றுள் ஐசக் ஹேய்ஸின் தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே ஸ்டூவர்ட்டும் பெல்லும் கடன் வாங்கி நிறுவனத்தை மீட்டனர். 'ஷாஃப்ட்' படப் பாடலுக்காக 1972-இல் ஹேய்ஸ் ஆஸ்கார் பரிசும் பெற்றார்.

அந்த 1972-இல் ஸ்டாக்ஸ் இரண்டாம் முறை ஒரு பெரிய நிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்தது. இம்முறை சி.பி.எஸ். நிறுவனம், அதன் தலைவர் கிளைவ் டேவிஸ். முதல் அனுபவத்தில் கற்ற பாடத்தால், மூலப்பதிவின் உரிமையை ஸ்டாக்ஸ் விட்டுக் கொடுக்கவில்லை. ஆயினும் வேறொரு வழியில் வினை வந்தது.

1973 மே மாதம் கிளைவ் டேவிஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பின் வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸ்மீது அந்த அக்கறை இல்லை. சி.பி.எஸ். பெரிய கடைகளை நன்கு அறிந்திருந்தது. ஸ்டாக்ஸின் தட்டுகளை வாங்குவோரோ கருப்பின மக்கள் வாழும் தெருக்களில் இருந்த சின்னஞ்சிறு கடைகளுக்குச் செல்பவர்கள். அந்தக் கடைகளுக்குத் தட்டுகள் போய்ச் சேரவில்லை. வாங்க ஆளிருந்தும் தட்டு கிடங்கில் தூங்கியது. வேறு வழியில் விற்கலாம் என்றால் ஒப்பந்தம் இடங்கொடுக்கவில்லை. வர வேண்டிய பணமும் குறைந்தது. வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. நிறுவனத்தைக் காப்பாற்றத் தம் சொந்தச் சொத்தையே பிணையாக வைத்த ஸ்டூவர்ட், அதையும் இழந்தார். 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவால் நிலைக்குத் தள்ளப்பட்டு மூடப்பட்டது. பழைய கொட்டகையை 1989-இல் இடித்தார்கள். அதே இடத்தில் 2003-இல் ஓர் அருங்காட்சியகம் எழும்பியிருக்கிறது.

முதல் ஒப்பந்தம் சொத்தைப் பறித்தது. இரண்டாவது ஒப்பந்தம் வழியை அடைத்தது. பட்டாவை மட்டும் காப்பாற்றினால் போதாது, பாதையையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

பெரியவர் மட்டும்தான் குற்றவாளியா?

இதுவரை படித்தவர்கள், பெரிய நிறுவனங்களின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் உண்மை அத்தனை எளிதன்று.

இங்கிலாந்தில் 1976-இல் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய 'ரஃப் டிரேட்' பின்னர் விநியோகத்திலும் இறங்கியது. பெரிய நிறுவனங்களின் தயவின்றி, பல ஊர்களில் இருந்த சிறு விநியோகஸ்தர்களோடு கைகோத்துப் பல தனிக் கலைஞர்களை வளர்த்தது. நல்லெண்ணத்தில் குறைவில்லை. ஆயினும் 1991-இல் அதன் விநியோகப் பிரிவு நொடித்தபோது, அதை நம்பித் தட்டுகளைக் கொடுத்த சிறிய நிறுவனங்களும் சேர்ந்து அடிபட்டன. நல்லவர் என்பது வேறு, நிலைத்து நிற்பவர் என்பது வேறு.

மறுபுறம், பெரியவர்களைப் பயன்படுத்தி முன்னேறியவர்களும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த மேக்லமோர், ரயன் லூயிஸ் இருவரும் 2012-இல் தங்கள் இசைத்தொகுப்பைத் தாங்களே வெளியிட்டனர். விநியோகத்துக்கு வார்னரின் கிளையான ஏ.டி.ஏ.வையும், வானொலி நிலையங்களில் பாடலைப் பரப்ப வார்னரின் ஆட்களையும் அமர்த்திக்கொண்டனர். 2013 தொடக்கத்தில் அவர்களின் 'திரிஃப்ட் ஷாப்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவர்கள் உதவியைக் கூலிக்கு வாங்கினார்கள், பாட்டை விற்கவில்லை. அதுபோலவே புவேர்ட்டோ ரிக்கோ தீவின் பேட் பன்னி, ரிமாஸ் என்ற தனி நிறுவனத்தின் வழியாகப் பாடுகிறவர். அதன் விநியோகம் சோனிக்குச் சொந்தமான 'தி ஆர்ச்சர்ட்' மூலம் நடக்கிறது. ஸ்பானிய மொழியிலேயே பாடும் அவர், 2020 முதல் 2022 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஸ்பாடிஃபையில் உலகிலேயே மிகுதியாகக் கேட்கப்பட்ட கலைஞராக விளங்கினார்.

இன்றைய நிலையும் ஒரு சிறு கணக்கும்

இன்று தட்டும் இல்லை, கிடங்கும் இல்லை. ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டினால், யாருடைய பாடலையும் உலகெங்கும் ஏற்றித்தரும் இணையச் சேவைகள் வந்துவிட்டன. கொண்டு சேர்ப்பது எளிதாகிவிட்டது. கண்ணில் படுவது அரிதாகிவிட்டது. ஒரு பாடல் ஓராண்டில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதன் பதிவுக்குப் பணமில்லை என்று 2024 முதல் ஸ்பாடிஃபை விதி செய்திருக்கிறது. ஆகவே இன்று பெரிய நிறுவனம் விற்பது லாரியை அன்று, கவனத்தை என்று கூறலாம்.

அந்தக் கவனத்துக்கு என்ன விலை கொடுக்கலாம்? கணித மாணவன் ஆதலால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொகைகள் கற்பனையே. தாமே ஏற்றினால் ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் வழியே போனால் வருமானம் இரு மடங்காகி 40,000 ஆகிறது. அதில் நிறுவனத்தின் கமிஷன் நூற்றுக்கு 30. குழுவின் பங்கு 28,000. ஆனால் விளம்பரச் செலவு 10,000 ரூபாயைக் குழுவின் பங்கிலிருந்தே கழித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், கைக்கு வருவது 18,000. விற்பனை இரட்டித்தும் வருமானம் 2,000 குறைந்துவிட்டது! அதே வருமானம் மும்மடங்காகி 60,000 ஆனால், 42,000-இல் செலவு போக 32,000 கிடைக்கும். அப்போது ஒப்பந்தம் நன்மையே. எனவே 'எத்தனை பங்கு' என்று மட்டும் கேட்டால் போதாது. 'எதைக் கழித்தபின் பங்கு' என்றும் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

நான் படித்தவற்றிலிருந்து, கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து என்று தொகுத்துக்கொண்டேன். மூலப்பதிவு யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகளுக்கு? எந்தச் செலவை யார் பங்கில் கழிப்பார்கள்? கணக்கைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உண்டா? நிறுவனம் கைமாறினாலோ, வேலை செய்யாமல் இருந்தாலோ நாம் விலகிக்கொள்ள முடியுமா? முதல் கேள்வியை ஸ்டூவர்ட் 1965-இல் கேட்கவில்லை. கடைசிக் கேள்விக்கு 1973-இல் ஸ்டாக்ஸிடம் விடை இல்லை.

இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு சித்தப்பாவின் பதினொரு பக்கத்தை மீண்டும் படித்தேன். ஏழாம் பக்கத்தில் 'இன் பெர்பெச்சுவிட்டி' என்று ஒரு சொல் தட்டுப்பட்டது. எங்கள் ஆங்கிலத்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "'என்றென்றைக்கும்' என்று பொருள். உங்கள் சித்தப்பா காலத்துக்கு மட்டுமல்ல, உன் பேரன் காலத்துக்கும்" என்றார் அவர். எட்டுப் பாடல்களின் பதிவு உரிமையும் என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே என்பதுதான் அந்த வரி. ஒப்பந்தத்தின் தலைப்பில் மட்டும் விநியோகம் என்றிருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் விளக்கினேன். மெம்பிஸ் கதையையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "வித்துக் குடுக்கறதுன்னா குடுக்கட்டும். பாட்டைக் கேட்டா எப்படிப்பா?" என்றார். உரிமை எங்களுடையது, காலம் மூன்றாண்டு என்று மாற்றித் தந்தால் சம்மதம் என்று நிறுவனத்துக்கு எழுதினோம். இக்கட்டுரையை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. குழுவில் இருவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம். வந்த வாய்ப்பைப் படித்த பிள்ளை கெடுத்துவிட்டான் என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு மாதம் கல்யாணம் இல்லையென்றால் அடுப்புக்கே யோசிக்க வேண்டிய குடும்பங்கள் அவை.

முடிவாக, பெரிய நிறுவனத்தின் விநியோக ஒப்பந்தம் தனிக் கலைஞருக்கு நன்மை தருமா என்றால், தரும். விற்றுக் கொடுப்பவராக அவர் நிற்கும்வரை தரும். சொந்தம் கொண்டாடத் தொடங்கினாலும், வேறு வழியை அடைத்தாலும் அது நன்மையன்று. இந்த இரண்டில் எது என்பது ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஒரு வரியில் எழுதியிருக்கும்.

என்னைப் போலவே தம் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த நண்பர்கள் இக்கல்லூரியில் பலர் இருக்கிறீர்கள். பாட்டுக்கு இல்லாவிட்டாலும், நிலத்துக்கோ கடனுக்கோ வேலைக்கோ ஒருநாள் உங்கள் வீட்டிலும் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள்; தெரிந்தவரிடம் கேட்டுவந்து சொல்லுங்கள். அதற்கு இரண்டு மாதம் ஆனாலும் தாழ்வில்லை.